குங்குமவல்லியின் கடைசிப் பக்கம்

கோயமுத்தூரில் இறங்கிய முதல் நாளே மூன்று பேர் என்னைச் சிங்கப்பூர்க்காரி ஆக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரர், லாட்ஜில் பெயர் எழுதியவர், காலையில் இட்லி வைத்தவர். நான் ஈப்போ, ஈப்போ இருப்பது மலேசியாவில் என்று ஒவ்வொருவரிடமும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் தமிழ்ப் பள்ளியில் பூகோளமும் சேர்த்துப் பாடம் நடத்தியவள், சும்மா விடுவேனா? இட்லி வைத்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க அம்மணி, சிங்கப்பூருக்குப் பக்கமுங்களா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இப்போது அந்த ஊருக்குப் போகிறவர்கள் எடுத்துவரும் படங்களைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே அடையாளம் தெரிவதில்லை. நான் போனபோது தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத் இருந்தது. வெயில் அடித்தாலும் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்து கழுத்தைத் துடைத்துவிட்டுப் போகும். எங்கள் ஈப்போவில் காற்று என்றால் மழைக்கு முன்னால் வருவது மட்டும்தான். இட்லிக் கடையில் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தேன், சர்க்கரை கிர்க்கரை போட்டிருக்கிறார்களா என்று. "சிறுவாணித் தண்ணிங்க" என்றார் அவர். தன் வீட்டுக் கிணற்றைச் சொல்வது போல அவ்வளவு பெருமை.

நான் போனது ஒரு புத்தகத்தைத் தேடி. பழைய நாடகப் புத்தகங்களின் பிளாக் பதிப்புகளைச் சேர்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் அச்சான நாடகப் புத்தகம் ஒன்று நைந்து போகிறது. மறுபடி எழுத்துக் கோத்து அடித்தால் அது மறுபதிப்பு. அப்படிச் செய்யாமல் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, தகட்டில் பிளாக் எடுத்து, பழையதை அச்சு அசலாக அப்படியே அடித்தால் அதுதான் பிளாக் புத்தகம். பழைய புத்தகத்தில் பூச்சி அரித்த ஓட்டைகூட இதில் கறுப்புப் புள்ளியாக விழுந்திருக்கும். நான் விரலால் தடவிப் பார்ப்பேன். விரலில் தட்டுப்பட்டால் அது இந்தப் புத்தகத்தைத் தின்ற பூச்சி. தட்டுப்படாவிட்டால் அதற்கு முந்தைய புத்தகத்தைத் தின்ற பூச்சி. "அந்த ரெண்டாவது பூச்சிக்குத்தான் அத்தை பென்ஷனைக் கரைக்கிறாங்க" என்று என் மருமகள் சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்படிப் பதினொரு புத்தகங்கள் என்னிடம் இருந்தன. எல்லாமே அறுபது வயதைத் தொட்டவை. அதில் ஒன்று, பினாங்கில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த 'குங்குமவல்லி நாடகம்'. கோயமுத்தூரில் அச்சானது. எண்பது பக்கப் புத்தகத்தில் எனக்குக் கிடைத்தது எழுபத்திரண்டு பக்கம். முப்பத்தோராம் பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒரு நடிகருக்காக 'இங்கே இருமாதே' என்று பென்சிலில் எழுதியிருந்தது. அதையும் சேர்த்தே பிளாக் எடுத்து அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியது கடைசி எட்டுப் பக்கம்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா கோயமுத்தூர்க்காரர். மலாயாவுக்குக் கப்பல் ஏறும் முன் மில் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய ஒரு நாடக சபையில் பின்பாட்டுப் பாடினவர். எங்கள் ரப்பர் தோட்டத்தில் குங்குமவல்லியைப் புத்தகமே இல்லாமல், வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்து மேடையேற்றினார். கடலுக்குப் போன புருஷன் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான், குங்குமவல்லி திறப்பதா வேண்டாமா என்று தவிக்கிறாள். அந்த இடத்தில் ஒரு பாட்டு வரும்.

கடல்தாண்டிப் போனவர்க்குக் கதவடைக்கக் கூடுமோ
உடல்வந்து சேர்ந்தபின்னே உயிர்தயங்கல் ஆகுமோ

"நாடகம் யாரோ பெரியவர் எழுதினது. இந்தக் கடைசிப் பாட்டு மட்டும் என்னோடது" என்பார் அப்பா. அவர் வாழ்க்கையில் அடித்துக்கொண்ட ஒரே தம்பட்டம் அதுதான்.

எனக்குப் பதினோரு வயது. ஒரு சாயங்காலம் ஒத்திகை நடக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்த கங்காணி ஒருவர் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, "இந்தப் பாட்டை நான் கோயமுத்தூர்ல கேட்டிருக்கேன். புஸ்தகத்துலயே இருக்குதுன்னு சொன்னாங்க. எவனோ எழுதுனதுக்கு நீ பேர் வெச்சுக்கறயா?" என்றார். அப்பா ஒரே ஒரு தடவை, "இல்லீங்க, அது என் பாட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலையில் நானே போய் அவரிடம், "அப்பா, நெசமாவே அது உங்க பாட்டுதானா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் மரங்களில் பால் எடுக்கப் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவர் வாய் திறந்து பாடி நான் கேட்டதில்லை.

அப்பா போய்ச் சேர்ந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் அண்ணன் கங்காணி கட்சி. "அப்பாவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, விடு" என்பார். இதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் இரண்டு தீபாவளிக்குப் பேசாமல் இருந்திருக்கிறோம். கடைசி எட்டுப் பக்கம் கிடைத்தால் கணக்குத் தீர்ந்துவிடும். பாட்டு அதில் இருந்தால் அப்பா பொய்யர். இல்லாவிட்டால் நான் பாவி. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் சாகக் கூடாது என்றுதான் பாஸ்போர்ட் எடுத்தேன்.

முதல் நாள் பழைய புத்தகக் கடைகளில் கழிந்தது. கைடுகளும் ஜோசியப் புத்தகங்களும்தான். ஒரு கடைக்காரர் இரக்கப்பட்டு, "நாடகப் புஸ்தகமுங்களா? கோட்டைமேட்டுல யூசுப் பாயைக் கேளுங்க. இந்த ஊர்ல கிழிஞ்ச புஸ்தகம் எல்லாம் அவர் கையிலதான் தைச்சது" என்றார்.

யூசுப் பாய் சந்துக்குள் ஒரு சின்ன அறையில் பைண்டிங் செய்துகொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். மயில்துத்தம் கலந்த பசையின் வாசனை வாசலுக்கே வந்தது. நான் பிளாக் புத்தகம் என்று சொன்னதும் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தக் கெரகத்தை ஏனுங்க கேக்கறீங்க! நாலஞ்சு வருசத்துக்கு முந்தி ஒருத்தர் ரெண்டு புஸ்தகம் கொண்டாந்தாருங்க. பூச்சி அரிச்சிருக்குதேன்னு பக்கத்துக்குப் பக்கம் ஒட்டுப் போட்டேன். ரெண்டு நாள் சோலி. ரெண்டாவது புஸ்தகத்தை எடுத்தா அதே எடத்துல அதே ஓட்டை! அப்பறந்தான் தடவிப் பாக்கறேன், ஓட்டையே இல்லீங்க, அச்சு! நாப்பது வருசத்துல என்னைய ஏமாத்துன ஒரே பூச்சி அதுதானுங்க."

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். இந்த உலகத்தில் அந்தப் பூச்சியைத் தெரிந்த இன்னொரு ஆள் கிடைத்துவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். நாடகத்தின் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "என்னமோ வல்லீங்க" என்றார். உடனே நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். கொண்டுவந்தவர் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்புக்கு வார்ப்படம் போடும் பட்டறைக்காரர், பெயர் மயில்சாமி என்று சொன்னார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தொட்டுக்கொள்ள, அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருக்கும் வர்க்கியும் வைத்தார். வர்க்கி கடித்தால் சட்டையெல்லாம் தூள். எங்கள் ஊரில் டீயை ஆற்றி நுரை தள்ளிக் கொடுப்பார்கள், தொட்டுக்கொள்ள ரொட்டி. இரண்டில் எது மேல் என்று கேட்டால் அன்றைக்கு நான் வர்க்கி பக்கம்தான் பேசியிருப்பேன்.

இரண்டாம் நாள் பெரியநாயக்கன்பாளையம். டவுன் பஸ்ஸில் உட்கார இடமில்லை. நடத்துனர், "முன்னால போங்க, போங்க, மேட்டுப்பாளையம் வரைக்கும் எடமிருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னும் பத்துப் பேரை ஏற்றினார். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுகிறார்கள். "காலை மிதிக்கறீங்களே, கண்ணு தெரியாதுங்களா?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்க, அவர், "தெரியும்ங்க, தள்ளி நிக்க எடம் குடுங்க" என்றார். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் அப்பன் ஆத்தாள் எல்லாம் வந்திருப்பார்கள்.

மயில்சாமியின் பட்டறையில் கரி மண்ணும் சூடும். ஐம்பது வயது, முழங்கை வரைக்கும் கறுப்பு. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டீ வந்துவிட்டது. மலேசியாவில் கிணறு எத்தனை அடி ஆழம், பம்பு விற்குமா என்று அவர் விசாரித்தார். எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது என்றேன். "கொடுத்து வெச்சவங்க" என்று அனுதாபப்பட்டார், பம்புக்காகத்தான் இருக்கும்.

புத்தகங்கள் அவருடையவை அல்ல. கோபிசெட்டிபாளையத்தில் கட்டிக்கொடுத்த அவருடைய அக்கா தெய்வானையின் வீட்டுப் புத்தகங்கள். தெய்வானையின் மாமனார் அந்த மில் நாடக சபையில் குங்குமவல்லியாகவே நடித்தவராம். "பொம்பள வேசத்துக்கு ஆகாதுன்னு சாகற வரைக்கும் மீசையே வெக்கலீங்க அவரு" என்றார் மயில்சாமி.

அந்தப் புத்தகத்தை ஏன் அவ்வளவு செலவு செய்து பிளாக் எடுத்தார்கள் என்று எனக்குப் பல வருடச் சந்தேகம். அதை அவர்தான் தீர்த்தார்.

"சபையில இருந்தது ஒத்தைப் புஸ்தகமுங்க. வாத்தியாரு ஒத்திகையில ஆளைப் பேர் சொல்லிக் கூப்புட மாட்டாராமா. 'நாப்பத்திரண்டாம் பக்கம், எந்திரி'ம்பாராமா. அத்தனை பேருக்கும் பக்கத்தோடதான் பாடம். புதுசா எழுத்துக் கோத்தா பக்கம் மாறிப் போகும், ஆளெல்லாம் கொழம்பிப் போவாங்க. அது பத்தாதுன்னு சபைக்குக் காசு போட்ட பஞ்சு ஜின்னிங் மொதலாளி, 'அது ராசியான புஸ்தகம், ஒரு புள்ளி மாறப்படாது'ன்னு சொல்லிப்போட்டாரு. அச்சாபீஸ்காரன் பயந்துக்கிட்டு வெத்தலைக் கறையோட சேத்து அடிச்சுக் குடுத்துப்போட்டானுங்க."

'இங்கே இருமாதே' எப்படி அச்சேறியது என்று அப்போதுதான் புரிந்தது. கடைசிப் பக்கங்களைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். "நான் எங்கீங்க படிச்சேன்? பைண்டிங்குக்குக் கொண்டு போனதோட செரி" என்றார். அக்கா வீட்டில் போன் இல்லை. எதிர்வீட்டு மளிகைக் கடைக்குப் போன் போட்டு, அக்காவைக் கூப்பிடச் சொல்லி, பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டு, "ஒறம்பரை வாராங்க, சிங்கப்பூர்ல இருந்து" என்று கத்திச் சொன்னார். விருந்தாளி ஆகிவிட்ட சந்தோஷத்தில் சிங்கப்பூரை நான் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் கோபிக்குத் தனியார் பஸ். டிரைவர் தலைக்கு மேல் பெட்டியில் பாட்டு அலறியது. ஜன்னல் ஓரம் கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டு அரைமணி ஆகவில்லை, கருமத்தம்பட்டியில் டயர் பஞ்சர். மாற்று டயரை இறக்கிப் பார்த்தால் அதுவும் பஞ்சர். "நேத்தே சொன்னேனுங்க" என்றார் கிளீனர். "என்கிட்டயா சொன்னே?" என்றார் டிரைவர். இரண்டு பேரும் யாரிடம் யார் சொன்னது என்று பேசித் தீர்ப்பதற்குள் நாங்கள் எல்லோரும் டீக்கடைக்குப் போய்விட்டோம்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். டக்கு டக்கு என்று வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் பெயர் ஆரோக்கியமேரி என்றாள். முப்பது வயதிருக்கும். அவிநாசியில் டெலிபோன் ஆபீஸில் வேலையாம். "எங்க தாத்தா காலத்துல இருந்து பண்ணையத்துல கூலிக்குத்தானுங்க இருந்தோம். ஊட்டுல மொதல் கவர்மெண்ட் உத்தியோகம் நாந்தானுங்க" என்றாள். நான் மலேசியா என்றதும் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எங்க பெரிய தாத்தாவைத் தெரியுமுங்களா? அந்தோணின்னு பேரு. பினாங்குக்குக் கப்பல் ஏறுனாருங்க. ஒரு லெட்டர்தான் வந்துச்சாமா. எங்க ஆயா சாகற வரைக்கும் அவரைச் சொல்லிச் சொல்லி அழுவாங்க."

பினாங்கில் எத்தனை அந்தோணி இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் கேட்டாள். நான் என் நோட்டில் பெயரையும் அவள் விலாசத்தையும் எழுதிக்கொண்டேன். ஊர் திரும்பியதும் பினாங்கில் இரண்டு மாதாகோயிலில் விசாரித்தேன், ஒன்றும் தெரியவில்லை என்று கடிதம் போட்டேன். "விசாரிச்சீங்களே, அதுவே போதும் அக்கா" என்று பதில் வந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பஸ் புறப்பட்டது. மேற்கொண்டு போகப் போக இரண்டு பக்கமும் பச்சை. நெல்லு, வாழை, தென்னை, வாய்க்கால், மறுபடி நெல்லு. அப்பா, தோட்டத்தில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லயத்து வீட்டின் பின்னால் நான்கு வாழை வைத்திருந்தார். ஐந்தாவது வைக்க இடமில்லை என்று ஒவ்வொரு வருடமும் புலம்புவார். இந்த மாதிரி மண்ணைப் பார்த்துவிட்டு வந்த மனுஷனுக்கு அந்த நான்கு வாழை எப்படிப் போதும்? எனக்கு அழுகை வந்தது, கண்ணில் தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன்.

தெய்வானை பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னை விட இரண்டு மூன்று வயது பெரியவர். குடையும் கையுமாக இரண்டு மணி நேரமாக நிற்கிறாராம். என் முகத்தை அவருக்கு எப்படித் தெரியும்? "புஸ்தகம் தேடி வாரவங்க மூஞ்சி தெரியாதுங்களா? இத்தனை வெசனத்தோட யாரு கோபிக்கு வாராங்க!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனதும் நான் புத்தகம் என்று வாயெடுத்தேன். கையைப் பிடித்து இலை முன் உட்கார வைத்துவிட்டார்.

"சாப்புடாம அதைத் தொட உட மாட்டேனுங்க. புஸ்தகம் எங்கீங்க போயிரும்? அறுவது வருசமா இருக்கறது இன்னும் அரைமணி இருக்காதுங்களா?"

தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, இடியாப்பம் மாதிரி. அப்புறம் அரிசிம்பருப்பு சாதம், அதன் மேல் ஒரு கரண்டி நெய். போதும் என்று நான் கையை மறைத்தால், கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். எங்கள் ஊரில் தேங்காய்ப்பாலில் சோறே வேக வைப்போம் என்றேன். "அடக் கடவுளே, தேங்கா அத்தனை சல்லீசுங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். வேறு நாளாக இருந்தால் அந்தச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். அன்றைக்கு என் கண்ணெல்லாம் பீரோ மேல்தான்.

கை கழுவி வந்ததும் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த இரண்டு புத்தகங்களையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். யூசுப் பாயின் பைண்டிங். மேலே இருந்ததில் அவர் பூச்சிக்குப் போட்ட ஒட்டுகள் அப்படியே இருந்தன. எழுபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். கப்பல் திரும்புகிறது. புருஷன் கரை ஏறுகிறான். கதவைத் தட்டுகிறான். குங்குமவல்லி வசனம் பேசுகிறாள், கதவைத் திறக்கிறாள், ராஜா வந்து வாழ்த்துகிறார், மங்களம். எழுபத்தொன்பதாம் பக்கத்தில் முற்றிற்று. பாட்டு இல்லை.

மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இல்லவே இல்லை. அப்பா பொய் சொல்லவில்லை. "இல்லீங்க, பாட்டு இல்லீங்க!" என்று கத்தினேன். தெய்வானைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எந்தப் பாட்டுங்க? 'கடல்தாண்டி'ங்களா? இருக்குதே" என்றார். குனிந்து கடைசித் தாளைத் திருப்பினார்.

எண்பதாம் பக்கம். அச்சு எழுத்து ஒன்றும் இல்லாத வெறும் பக்கம். அதில் பேனாவால் எழுதிய கையெழுத்து. 'கடல்தாண்டிப் போனவர்க்குக் கதவடைக்கக் கூடுமோ.' மொத்தம் எட்டு வரி.

அந்த எழுத்து எனக்குத் தெரியும். அப்பா இடது கைக்காரர். அவர் எழுத்து பின்பக்கமாகச் சாயும். எழுதிக்கொண்டே போகும்போது உள்ளங்கை முந்தின எழுத்துகளின் மேல் பட்டு மை இழுபடும். என் முதல் வகுப்பு நோட்டில் எழுதிக்கொடுத்த பெயரிலிருந்து என் கல்யாணத்துக்கு அவர் போட்ட கடிதம் வரைக்கும் அந்த இழுப்பு இல்லாமல் அவர் ஒரு வரி எழுதியதில்லை. இந்தப் பக்கத்திலும் மூன்றாம் வரியில் இழுபட்டிருந்தது. தடவிப் பார்த்தேன். பிறகு இரண்டாவது புத்தகத்தைத் திறந்தேன். அதே எட்டு வரி. மூன்றாம் வரியில் அதே இடத்தில் அதே இழுப்பு.

சபையின் ஒற்றைப் புத்தகத்தில், முடிந்துபோன நாடகத்தின் பின்னால் இருந்த வெறும் பக்கத்தில் அப்பா தன் பாட்டை எழுதி வைத்திருக்கிறார். சபைக்காரர்கள் அதை எடுத்துப் பாடியிருக்கிறார்கள். அவர் கப்பல் ஏறிப் போன பிறகு, ஒரு புள்ளி மாறக் கூடாது என்று சொன்ன முதலாளிக்குப் பயந்து, அச்சாபீஸ்காரர் அந்தக் கையெழுத்தையும் பிளாக் எடுத்து அடித்துவிட்டார். கங்காணி சொன்னது உண்மை, பாட்டு புத்தகத்தில்தான் இருக்கிறது. அப்பா சொன்னதும் உண்மை. தன் பாட்டு அச்சாகிவிட்டது என்பது மட்டும் அவருக்குக் கடைசி வரை தெரியாது.

நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தெய்வானை பதறிப்போய், "ஏனுங்க அம்மணி, என்ன ஆச்சுங்க?" என்று முதுகைத் தடவினார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"எங்க மாமனாரு சொல்லுவாருங்க. பின்பாட்டுக்காரன் ஒருத்தன் இதை எழுதிக் குடுத்துப்போட்டு அக்கரைக்குப் போயிட்டான், அவன் பாட்டுனாலதான் எனக்குப் பேரு வந்துச்சும்பாரு. அவரு பேரும் சொன்னாருங்க. நாந்தான் மறந்துபோட்டேன். பாவி நான்."

"நீங்க இல்லீங்க அக்கா" என்றேன்.

கிளம்பும்போது இரண்டில் நல்ல புத்தகத்தை எடுத்து வெற்றிலை பாக்கு, தேங்காயோடு என் பையில் வைத்தார். பன்னிரண்டாவது புத்தகம். சேர்க்கிறவளுக்கு வாய் இருக்கிறதே, சும்மா இருக்குமா? ஒட்டுப் போட்டதைக் கொடுங்கள், அதுதான் வேண்டும் என்று கேட்டு மாற்றி வாங்கிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஐ.எஸ்.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் மின்விசிறி இல்லை, மேலே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணனுக்குப் போன் போட்டேன். நான்கு தடவை முயன்ற பிறகு கிடைத்தார்.

"அண்ணே, பாட்டு புஸ்தகத்துல இருக்கு."

"நான்தான் அப்பவே சொன்னேன்லா. இதுக்குப் போயி இவ்ளோ தூரம்..."

"அப்பா கையெழுத்துல இருக்கு."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். வெறும் பக்கம், இடது கைச் சாய்வு, மூன்றாம் வரி இழுப்பு, இரண்டு புத்தகத்திலும் ஒரே மாதிரி. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்." என்றார் அண்ணன். "ராஜம், உனக்குத் தெரியாது. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் அப்பாகிட்ட கேட்டுட்டேன். நீங்க திருடினீங்களான்னு. மூஞ்சிக்கு நேரா."

இத்தனை வருடத்தில் அண்ணன் இதை என்னிடம் சொன்னதே இல்லை. அந்த வீட்டில் கேட்டது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவர் என்ன சொன்னாரு?"

"கோவிச்சுக்கலை. சட்டையைக் கழட்டி மாட்டிட்டு, 'ஊரே கேக்குது, நீயும் கேளுடா, பரவாயில்ல'ன்னாரு. நீ உள்ள படுத்திருந்தே. உன் பக்கம் கையைக் காட்டி, 'எம்மவ கேக்க மாட்டா. எனக்கு அது போதும்'னாரு."

நான் கேட்டது மறுநாள் காலையில்.

கண்ணாடிக்கு வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார். அண்ணன், "ராஜம், லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இருக்கேன் அண்ணே" என்றேன்.